வாசல் வரைக்கும் ஒரு காலடி

அந்தக் குரல் மூச்சே விடாமல் பேசிக்கொண்டிருந்தது...

மாரிசெல்வி நடு வராந்தாவில் அப்படியே நின்றுவிட்டாள். சனிக்கிழமை மத்தியானம். பள்ளிக்கூடம் லீவு. வெள்ளிக்கிழமை மேசையிலேயே மறந்து விட்டுவந்த ஆறாம் வகுப்புப் பரீட்சைத் தாள்களை எடுத்துப் போகத்தான் வந்தாள். திருத்தங்கல்லில் பஸ் ஏறும்போது வெயில். இங்கே இறங்கும்போது தூறல். கேட்டைத் தொடுவதற்குள் கொட்டித் தீர்த்துவிட்டது. கரண்டும் போயிருந்தது. பூட்டிக் கிடந்த வகுப்பறைகளைத் தாண்டி, கடைசியில் இருக்கிற கம்ப்யூட்டர் அறைக்குள்ளிருந்து ஒரு பெண் குரல்...

"வெற்று வரி. வெற்று வரி. மண்ணின் வகைகள். முற்றுப்புள்ளி. வெற்று வரி."

ஏற்றமில்லை, இறக்கமில்லை. செத்துப்போன ஒருத்தி பாடம் வாசித்தால் இப்படித்தான் வாசிப்பாள் என்று தோன்றியது. தோன்றியதுமே கழுத்துக்குப் பின்னால் சில்லென்றது.

திரும்பி ஓடிவிடலாமா...? ஆனால் அவள் அறிவியல் டீச்சர். பேயுமில்லை பிசாசுமில்லை என்று பிள்ளைகளிடம் தினமும் சொல்கிறவள். ஈரச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கதவைத் தள்ளினாள்.

உள்ளே கும்மிருட்டு. ஜன்னல்கள் சாத்தியிருந்தன. மேசைக்குப் பின்னால் ஒரு ஆள். அவன் முன்னால் திறந்திருந்த லேப்டாப்பின் திரையிலும் வெளிச்சமில்லை.

"யாரது...? இருட்டுக்குள்ள உக்காந்து என்ன பண்றீக?"

அவன் நிமிர்ந்தான். "இருட்டாவா இருக்கு?" என்றான் நிதானமாக.

அப்போதுதான் மேசையில் சாய்த்து வைத்திருந்த வெள்ளைக் கம்பு அவள் கண்ணில் பட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவன் சிரித்தான். பேர் கதிரவன், விருதுநகர், பார்வையில்லாத பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியர் என்று சொன்னான். திங்கட்கிழமையிலிருந்து இங்கே ஒரு பிள்ளைக்குப் பாடம். அதற்குள் தூண் எங்கே, படி எங்கே, எத்தனை எட்டு வைத்தால் வகுப்பு என்று பழகிக்கொள்ளத்தான் லீவு நாளாகப் பார்த்து வந்தானாம். காவலுக்கு இருக்கும் பேச்சியம்மாள்தான் கதவைத் திறந்துவிட்டுப் போயிருக்கிறாள். பேசியது லேப்டாப். திரையில் இருப்பதையெல்லாம் தமிழில் வாசித்துக் காட்டும். பேட்டரியை மிச்சம் பிடிக்கத் திரை வெளிச்சத்தை அணைத்து வைத்திருக்கிறான். திரை அவனுக்கு எதற்கு?

மாரிசெல்விக்கு வெட்கமாக இருந்தது. அவன் முகத்தையே பார்த்தாள். மழைக்கு நனைந்த மண் மாதிரி நிறம். கண்கள் திறந்துதான் இருந்தன, அழகாகவும் இருந்தன... ஆனால் அவை அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்குக் கொஞ்சம் பின்னால், வாசல் பக்கம் நிலைத்திருந்தன.

"சாரல் அடிக்குதுல்ல டீச்சர்... உங்ககூட வந்தவுகளையும் உள்ள வரச் சொல்லுங்க. வாசல்லயே நிக்கிறாக."

மாரிசெல்வி திரும்பிப் பார்த்தாள். வாசலில் மழை மட்டும்தான் இருந்தது.

"நான் தனியாத்தான் வந்தேன்," என்றாள்.

அவன் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல அடங்கியது. பிறகு ஏதோ தவறாகக் கேட்டுவிட்டவன் போலத் தலையசைத்தான். தாள்களைக் கூட எடுக்காமல் அவள் கிளம்பிவிட்டாள்.

திங்கட்கிழமை அந்தப் பிள்ளை வந்தது. பஞ்சம்மாள், பன்னிரண்டு வயது, பிறந்ததிலிருந்தே பார்வை கிடையாது. அப்பா அம்மா இருவரும் பட்டாசுக் கம்பெனியில் வேலை. காலை ஏழு மணிக்குக் கம்பெனி வேன் வந்து அவர்களை ஏற்றிக்கொண்டு போனால் சாயங்காலம் வரை பிள்ளை வீட்டுக்குள் தனியாக இருக்கும். கதிரவன் வாரம் இரண்டு நாள் வீட்டுக்கே போய் எழுத்தும் கணக்கும் கம்ப்யூட்டரும் சொல்லிக் கொடுத்திருந்தான். இப்போது மற்றப் பிள்ளைகளோடு உட்கார வைக்க வேண்டும் என்று கேட்டு வந்திருந்தான்.

தலைமையாசிரியர் பெத்தணன் கெட்ட மனிதர் இல்லை. பயந்த மனிதர். விழுந்து கிழுந்து வைத்தால் யார் பதில் சொல்வது என்று முனகினார். கடைசியில் ஒரு நிபந்தனை வைத்தார். அரையாண்டுப் பரீட்சையை அந்த மெஷினை வைத்துத் தானே எழுதித் தேறினால் பெயரைப் பதிவேட்டில் ஏற்றலாம். இல்லையென்றால் பிள்ளையைத் தூரத்து ஊரிலுள்ள விடுதிப் பள்ளிக்கு அனுப்பிவிட வேண்டும். அதுவரை ஆறாம் வகுப்பில் சும்மா உட்காரட்டும், அட்டெண்டன்ஸில் பேர் வேண்டாம் என்றார். ஆறாம் வகுப்புக்கு டீச்சர் மாரிசெல்வி.

பஞ்சம்மாள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தட்டத் தொடங்கினால் மழை ஓட்டில் விழுகிற மாதிரி சத்தம் கேட்கும். மற்றப் பிள்ளைகள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். அந்த மெஷின் அம்மாவின் பேச்சு எல்லாருக்கும் சிரிப்பு.

"நம்மூருல வாளப்பளம்னுதான சொல்லுவோம்... இது மட்டும் சுத்தமா வாழைப்பழம்னு சொல்லுது. வெளியூர்க்காரி," என்றான் கதிரவன்.

"டீச்சர் நான் சொன்னா கேக்காத பிள்ளைக, அவ சொன்னா கேக்குதுக. உங்காளுக்கு மரியாதை ஜாஸ்திதான் சார்," என்றாள் மாரிசெல்வி.

சிரித்துக்கொண்டிருந்தவன், பிள்ளைகள் கலைந்து போனதும் குரலைத் தாழ்த்தினான்.

"தப்பா எடுத்துக்கிட மாட்டீகளே... இன்னைக்கும் உங்க பின்னாலயே வந்தாக."

"யாரு?"

"தெரியல. ஒரு காலு நல்லா ஊனுது. இன்னொண்ணு தேச்சுக்கிட்டே வருது. கேட்டுலருந்து வகுப்பு வாசல் வரைக்கும் வரும். அங்கன நின்னுரும். உள்ள வாறதேயில்ல."

மாரிசெல்வி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

அவளுக்கு ஒரு அக்கா இருந்தாள். வள்ளித்தாய். சின்ன வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிப் போனவள். இதே பள்ளிக்கூடத்தில்தான் சேர்க்கப் போனார்கள். அப்போதிருந்த தலைமையாசிரியர், இந்தப் பிள்ளைக்கு இங்கே தோதுப்படாது என்று திருப்பி அனுப்பிவிட்டார். தங்கச்சிக்கு வயது வந்தபோது அவளை மட்டும் சேர்த்தார்கள். அப்போது அவர்கள் வீடு இதே ஊரில்தான் இருந்தது. தினமும் காலையில் அக்காதான் கையைப் பிடித்துக் கூட்டி வருவாள். வகுப்பு வாசலில் நின்று, டீச்சர் சொல்வதை வாய்க்குள்ளேயே திருப்பிச் சொல்லிப் பார்த்துவிட்டுப் போவாள். இது எல்லாருக்கும் தெரியும். கதிரவனுக்கும் யாராவது சொல்லியிருக்கலாம்.

யாருக்கும் தெரியாத ஒன்று இருந்தது. மூன்றாம் வகுப்பு படிக்கும்போது பிள்ளைகள் நொண்டி நொண்டி என்று கேலி பண்ணினார்கள். எட்டு வயது மாரிசெல்விக்கு அவமானமாகிவிட்டது. ஒருநாள் வகுப்புக்குள் ஒரு கால் எடுத்து வைத்த அக்காவைப் பார்த்து, உள்ள வராத, வாசல்லயே நில்லு என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். கையையும் உதறினாள். அக்கா வாசலிலேயே நின்றாள். அடுத்த மாதம் பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போனாள். அங்கே வெடிமருந்து பற்றிக்கொண்டதில், நல்ல காலுள்ளவர்கள் எல்லாம் ஓடி வந்துவிட்டார்கள். வள்ளித்தாய்க்கு அப்போது பதினைந்து வயது.

மாரிசெல்வி கதிரவனிடம் எதையும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து வராந்தாவில் நடக்கும்போது அவளுக்குக் காது பின்னாலேயே இருந்தது. அவளுக்கு எதுவும் கேட்கவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

பத்து நாள் கழித்து, சாப்பாட்டு மணி அடித்ததும் பஞ்சம்மாள் அவள் முந்தானையைத் தொட்டது. பாடத்தைப் பதிந்து வைத்துக்கொள்ள அதனிடம் தீப்பெட்டி அளவில் ஒரு ரெக்கார்டர் இருந்தது.

"டீச்சர்... நீங்க சொல்லச் சொல்ல பின்னாலயே சொல்லிக்கிட்டு வர்ற அக்கா யாரு?"

"எந்த அக்கா?"

"வாசல்ல நிப்பாகள்ல. மெதுவாச் சொல்லுவாக. இதுல கூட இருக்கு. கேளுங்க."

மாரிசெல்வி ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். அவளுடைய குரல். ஃபேன் ஓடும் சத்தம். ஒரு பையன் இருமினான். வண்டல் மண், கரிசல் மண், செம்மண் என்று அவள் சொல்கிறாள். பிள்ளைகள் ஒன்றாகத் திருப்பிச் சொல்கிறார்கள். எல்லாரும் முடித்த பிறகு... தூரத்தில், மழைக்குள்ளிருந்து வருவது போல... ஒரே ஒரு குரல். கரிசல் மண்... செம்மண்...

பதினைந்து வயதுப் பெண் குரல். வயதே ஏறாத குரல்.

ரெக்கார்டரைக் கொண்டுபோய்க் கதிரவனிடம் கொடுத்தாள். கேட்டான். கேட்டு முடித்து ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தான். உங்களுக்குப் பயமாக இல்லையா என்று கேட்டாள்.

"எனக்கு எல்லாருமே கண்ணுக்குத் தெரியாதவங்கதான் டீச்சர்... அதுல ஒருத்தரு கூடுதலா இருந்துட்டுப் போகட்டுமே."

எவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீரும் வந்தது. அது அவனுக்குத் தெரியாது என்று நினைத்துத் துடைக்காமல் விட்டாள். அவன் சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து நீட்டினான்.

'எப்படித் தெரிஞ்சது இவனுக்கு...' அன்று முழுவதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். செவ்வாயும் வெள்ளியும்தான் அவன் வருவான். மற்ற நாட்கள் எல்லாம் ஏன் இத்தனை நீளமாக இருக்கின்றன என்று அவளுக்கே புரியவில்லை.

ஐப்பசி பாதியில் ஒரு சனிக்கிழமை இரண்டு பேரும் சிவகாசிக்குப் போனார்கள். ஆறாம் வகுப்பு நோட்ஸ் அச்சடிக்கிற ஒரு பிரஸ்ஸில் பாடமெல்லாம் கம்ப்யூட்டரில் அடித்தே இருக்கிறது, பென் டிரைவில் வாங்கிக்கொண்டால் பஞ்சம்மாள் தானாகவே கேட்டுப் படிக்கலாம் என்று அவள்தான் யோசனை சொன்னாள். பிரஸ்ஸில் அப்போது காலண்டர் சீசன். மை வாசனைக்கு நடுவே ஃபைலை வாங்கி அங்கேயே லேப்டாப்பில் போட்டுப் பார்த்தான்.

மெஷின் அம்மா கொஞ்சம் யோசித்தாள். பிறகு, "எம், எக்ஸ், டாலர், ஏ, ஏ, கமா," என்று ஆரம்பித்தாள்.

திரையில் தமிழாகத் தெரிகிறதே என்று அவள் திகைத்தாள். கதிரவன் விளக்கினான். பிரஸ்காரர்கள் அடிப்பது பார்வைக்குத்தான் தமிழ். உள்ளே இருப்பதெல்லாம் இங்கிலீஷ் எழுத்து. கண்ணுள்ளவர்களை ஏமாற்றலாம், இவளை ஏமாற்ற முடியாது. உள்ளேயும் தமிழ் எழுத்தாகவே இருக்கிற மாதிரி எல்லாவற்றையும் திரும்ப அடித்தால்தான் உண்டு. அவன் குரலில் சோர்வு தெரிந்தது. பரீட்சைக்கு ஆறு வாரம்தான் இருந்தது.

"நான் அடிச்சுத் தாறேன்," என்றாள் மாரிசெல்வி. "அம்புட்டுப் பாடத்தையும்."

"உங்களுக்கு எதுக்கு டீச்சர் அம்புட்டு சிரமம்?"

"எனக்கும் சேத்துத்தான்... சும்மா இருங்க சார்."

பிரஸ்ஸை விட்டு வெளியே வந்தபோது மழை விட்டிருந்தது. தெருவெல்லாம் கண்ணாடி மாதிரி மினுங்கியது. பஸ் ஸ்டாண்டுக்கு ரோட்டைத் தாண்ட வேண்டும். அவன் அவளுடைய முழங்கைக்கு மேலே மெதுவாகப் பிடித்துக்கொண்டான். அந்தப் பிடியில் ஒரு நம்பிக்கை இருந்தது... அவளுக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. பாதி ரோடு தாண்டியிருப்பார்கள்.

எதிரே ஒரு கம்பெனி வேன் வந்து நின்றது. மாரிசெல்வியின் அம்மாவோடு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிற பெண்கள் நாலைந்து பேர் இறங்கினார்கள். அதில் ஒருத்தி மாரிசெல்வியைப் பார்த்தாள். அவள் கையைப் பிடித்திருந்தவனைப் பார்த்தாள். அவன் கண்ணைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவளை இடித்தாள்.

மாரிசெல்வி கையை உதறினாள்.

யோசித்துச் செய்யவில்லை. கை தானாகவே செய்தது. லோடு லாரி ஒன்று பிரேக் அடித்துக் கத்தியது. நடு ரோட்டில், எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல், கதிரவன் தனியாக நின்றான். டீக்கடையிலிருந்து யாரோ ஓடிவந்து அவனை இழுத்து ஓரத்தில் விட்டார்கள்.

அவள் ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றாள்.

"பரவால்ல டீச்சர். பழக்கந்தான்," என்றான். அவன் முகம் மூடிக்கொண்டுவிட்டது. சற்றுப் பொறுத்து, "அவுகளும் இன்னைக்கு நம்மகூட வந்தாக. நீங்க கையை எடுத்ததும் அங்கனயே நின்னுட்டாக," என்றான்.

விருதுநகர் பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை வேறொரு சிறப்பாசிரியர் வந்தார். கதிரவன் சார் சாத்தூர்ப் பக்கம் பள்ளிக்கூடங்களை மாற்றிக் கேட்டு வாங்கிக்கொண்டார் என்றார். அவன் நம்பர் மாரிசெல்வியிடம் இருந்தது. போன் பண்ணி என்ன சொல்வது? தெரியாமல் கையை எடுத்துவிட்டேன் என்றா? தெரிந்துதானே எடுத்தாள்...

அவளால் முடிந்தது ஒன்றுதான். தினமும் பள்ளி விட்டதும் கம்ப்யூட்டர் அறையில் உட்கார்ந்து பாடங்களை அடித்தாள். அறிவியல் முடிந்தது. சமூக அறிவியல் தொடங்கினாள்.

ஒருநாள் சாயங்காலம், அப்படி அடித்துக்கொண்டிருக்கும்போது, மழை சட்டென்று நின்றது. வராந்தாவில் சத்தம் கேட்டது. முதன்முதலாக அவள் காதுக்கே கேட்டது. ஒரு ஊன்றல். ஒரு தேய்ப்பு. ஒரு ஊன்றல். ஒரு தேய்ப்பு.

அவள் விரல்கள் கீபோர்டிலேயே உறைந்தன. சத்தம் கதவுவரை வந்தது. நின்றது. எவ்வளவு நேரம் போயிற்றோ... கடைசியில் போய்க் கதவைத் திறந்தாள்.

யாரும் இல்லை. சிமெண்ட் தரையில் ஈரத் தடங்கள் இருந்தன. ஒன்று முழுப் பாதம். பக்கத்தில் ஒரு நீளக் கோடு, விரல் நுனியை இழுத்துக்கொண்டு வந்த மாதிரி. மறுபடி முழுப் பாதம், மறுபடி கோடு. வாசற்படிக்கு ஒரு விரற்கடை முன்னால் இரண்டு தடமும் சேர்ந்து நின்றிருந்தன. அதற்கு அப்புறம் காய்ந்த தரை. திரும்பிப் போன தடம் எதுவுமில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். எட்டு வயதில் சொன்னதையும், சிவகாசி ரோட்டில் செய்ததையும். அம்மா கருப்பம்மாள் பட்டாசு மருந்து படிந்த கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். வேன்காரிகள் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். கண் தெரியாதவன் கையைப் பிடித்துக்கொண்டு உன் மகள் போகிறாள் என்று. அதற்கு இரண்டு நாள் வீட்டில் பேச்சு வார்த்தையே இல்லாமல் இருந்தது.

"நீ சொன்னது எனக்குத் தெரியும்," என்றாள் அம்மா. "அவ அன்னைக்கே வந்து சொன்னா. பாப்பா என்னைய வாசல்லயே நிக்கச் சொல்லிருச்சும்மான்னு."

"கோவமாச் சொன்னாளாம்மா?"

"சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. அதான் இன்னிக்கும் எனக்கு அறுத்துக்கிட்டே இருக்கு." அம்மா கையை முந்தானையில் துடைத்தாள். "நான்தான அவள கம்பெனிக்கு அனுப்புனேன். நீ சின்னப் பிள்ள. எனக்கு எங்கன போச்சு புத்தி?"

பிறகு அம்மா, அந்தப் பையனுக்கு யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். அப்பா மிளகாய் வத்தல் மண்டியில் லோடு ஏற்றுகிறவர் என்று மாரிசெல்வி சொன்னாள். அம்மா அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

மார்கழியில் பரீட்சை வந்தது. பெத்தணன் தானே காவலுக்கு உட்கார்ந்தார். ஹெட்போனுக்குள் யாராவது விடையைச் சொல்லிக் கொடுக்கிறார்களோ என்று சந்தேகப்பட்டு, அதை வாங்கித் தன் காதில் மாட்டிக் கேட்டார். மெஷின் அம்மா அவரிடமும் கேள்வித்தாளைத்தான் வாசித்தாள். திருப்பிக் கொடுத்துவிட்டார். பஞ்சம்மாள் தட்டிக்கொண்டே இருந்தது. மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போதே முடித்துவிட்டது. அறிவியலில் எழுபத்தொன்று. கணக்கில் மட்டும் கொஞ்சம் தடுமாற்றம், ஆனாலும் எல்லாப் பாடத்திலும் தேறியிருந்தது.

லீவு முடிந்து பள்ளி திறந்த அன்று, பஞ்சம்மாளின் அப்பா அம்மா வேலைக்குப் போகாமல் புதுத் துணி உடுத்தி வந்திருந்தார்கள். கதிரவன் சாரும் வர வேண்டும் என்று பிள்ளை ஒரே பிடிவாதமாம். அவர்களே விருதுநகருக்குப் போய் அழைத்து வந்திருந்தார்கள். அவன் வகுப்பு வாசலில் கம்பை ஊன்றிக்கொண்டு நின்றான். மாரிசெல்வி பார்த்தாள். வாங்க சார் என்று சொல்ல வாய் எடுத்தாள். சொல்லாமல் மேசைக்குத் திரும்பினாள்.

அட்டெண்டன்ஸை எடுத்தாள். ஒவ்வொரு பெயராக வாசித்தாள். கடைசி வரியில், மை காயாத புதுப் பெயர்.

"பஞ்சம்மாள்."

"உள்ளேன் டீச்சர்."

பிள்ளைகள் கை தட்டினார்கள். தட்டி ஓய்ந்தது. மாரிசெல்வி பதிவேட்டை மூடவில்லை. அந்த வரிக்குக் கீழே வெறும் கட்டம்தான் இருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தலையைத் தூக்காமலே வாசித்தாள்.

"வள்ளித்தாய்."

பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அப்படி யாரும் வகுப்பில் இல்லையே... ஃபேன் ஓடவில்லை. காற்று இல்லை. வெளியே காக்கை கூடக் கத்தவில்லை.

"உள்ள வாக்கா," என்றாள் மாரிசெல்வி. "நான்தான் கூப்பிடுதேன். வா."

அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஒன்றும் தெரியவில்லை. அவள் பார்த்தது இவ்வளவுதான். வாசலில் நின்ற கதிரவன் சட்டென்று கம்பைத் தூக்கிக்கொண்டு, யாருக்கோ வழி விடுவது போலச் சுவரோடு ஒட்டி நின்றான். அவன் முகம் மெதுவாகத் திரும்பியது, வாசலிலிருந்து வகுப்புக்குள்... பெஞ்சு வரிசைகளுக்கு நடுவே... ஜன்னலோரம் வரை. அங்கே கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த பஞ்சம்மாள், யாரும் சொல்லாமலே, பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டது.

மாரிசெல்வி கரும்பலகையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். தேதியை எழுதினாள். அன்று அவள் நீரின் சுழற்சி நடத்தினாள். அவ்வளவு நன்றாக அதற்கு முன் அவள் பாடம் நடத்தியதேயில்லை என்று பிள்ளைகள் பிற்பாடு சொல்லிக்கொண்டார்கள்.

அந்தக் காலடி அதற்கப்புறம் யாருக்கும் கேட்கவில்லை. அன்றைய பாடத்தைப் பதிந்த ரெக்கார்டரில் பிள்ளைகளின் குரல் மட்டும்தான் இருந்தது. எத்தனை குரல் என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

இடைவேளையில் அவன் வேப்பமரத்தடியில் நின்றான். அவள் போய் எதிரே நின்றாள். இலைகளுக்கு நடுவே விழுந்த வெயில் அவன் முகத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

அவன் கேட்கிறானா இல்லையா என்று பார்க்காமல் அவள் எல்லாவற்றையும் கொட்டினாள். அக்காவைப் பற்றி, வாசலைப் பற்றி, அன்று ரோட்டில் கை போன விதத்தைப் பற்றி. மன்னிப்புக் கேட்டாள். நாலு பேர் பார்ப்பார்கள் என்பதற்காக ஒருத்தியை வாசலில் நிறுத்தினவள், இருபது வருஷம் கழித்தும் அதையேதான் செய்தேன் என்றாள்.

அவன் கம்பின் நுனியால் மண்ணில் ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்தான். பிறகு, தனக்கும் வீம்பு ஜாஸ்தி என்றான். ஒரு போன் பண்ணியிருக்கலாம். பண்ணவில்லை. சாத்தூரில் ஒவ்வொரு வகுப்புக்குள் போகும்போதும் இந்த வராந்தாவின் படிகளைத்தான் மனசு எண்ணிக்கொண்டிருந்தது. அவள் அடித்துக் கொடுத்த பாடங்களைப் பஞ்சம்மாளிடமிருந்து வாங்கித் தானும் போட்டுக் கேட்டானாம். அறிவியல் பாடத்தில் ஒரு எழுத்துப் பிழை கூட இல்லையாம். சமூக அறிவியலில் மட்டும் இரண்டு இடத்தில் 'கதிரவன்' என்று வருகிறது, அங்கே 'சூரியன்' என்றுதானே புத்தகத்தில் இருக்கிறது என்று கேட்டான்.

மாரிசெல்விக்கு முகமெல்லாம் சூடேறியது.

"கை தவறி..." என்றாள்.

"ரெண்டு தடவையா?"

அவன் சிரிப்பை நிறுத்திக்கொண்டான்.

"ஒண்ணு கேக்கணும் டீச்சர். உண்மையச் சொல்லணும். என்னைய நெனைச்சா உங்களுக்குப் பாவமாத் தோணுதா?"

"இல்ல." அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். "பயமாத் தோணுது. நாளைக்கு நீங்க வரலேன்னா நான் என்ன பண்ணுவேன்னு... அந்தப் பயம்."

வேப்பமரம் ஒருமுறை அசைந்து நின்றது. அவனுடைய கண்கள் முதன்முறையாக அவள் தோளுக்குப் பின்னால் போகவில்லை. அவள் குரல் வந்த இடத்திலேயே நின்றன.

"திரும்ப இங்கனயே கேட்டு வாங்குனாலும் செவ்வாயும் வெள்ளியும்தான எனக்கு டூட்டி போடுவாக," என்றான் மெதுவாக. "மத்த நாளெல்லாம் நான் எங்க போறது?"

"எங்க வீட்டுக்கு வாங்க," என்றாள் மாரிசெல்வி. "ஞாயித்துக்கிழமை அம்மா கறி எடுக்காக. உங்க அப்பாவையும் கூட்டிட்டு வரச் சொன்னாக."